நுனி வெட்டிய கையுறை

"கை எப்படிங்க போச்சு?" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். போகவில்லை ஐயா, இதோ இருக்கிறது, இப்போது டிக்கெட் வாங்கியதே இந்தக் கைதான் என்று நீட்டிக் காட்டுவேன். புறங்கையில் ஒரு பகுதி மட்டும் வேறு நிறமாக இருக்கும். அது என் வயிற்றுத் தோல் என்று சொன்னதும் பாதிப் பேர் வேறு சீட்டுக்கு மாறிவிடுவார்கள். மீதிப் பேருக்கு முழுக் கதையும் வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் வலது கையால்.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் ஓர் அரிசி மில்லில் நான் டிரைவர். லாரி ஓட்டுகிற டிரைவர் இல்லை. நெல்லில் உமி நீக்கித் தவிடு நீக்கி அரிசியாக்கும் மிஷின் வரிசையை ஓட்டுகிறவனுக்கு மில்லில் அந்தப் பெயர். எங்களுடையது குத்தகைக் குடும்பம். நிலத்துக்காரருக்கும் எங்களுக்கும் வழக்காகி, ஆட்சி மாறி மாறி வந்தும் வாய்தா மட்டும் மாறாமல், அப்பா மஞ்சள் பையில் காகிதத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் மில்லுக்கு வந்து சேர்ந்தேன். நிலம் கைவிட்டாலும் நெல்லில் பழகிய கை என்னைக் கைவிடவில்லை. மிஷினிலிருந்து அரிசி வழிகிற குழாயில் விரலை நீட்டி நாலு அரிசியை வாங்கிக் கட்டைவிரலால் உருட்டினால் போதும். ரோலர் இறுக்கமா தளர்வா, உமி நிற்கிறதா, நொய் விழுகிறதா, எல்லாம் சொல்லிவிடுவேன். நொய் என்றால் உடைந்த அரிசி. மில்லுக்கு அதுதான் சனியன். மற்றவர்கள் தட்டில் கொட்டிக் கண்ணாடியைத் தேடுவதற்குள் நான் விரலால் பார்த்து முடித்திருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒளிப்பானேன்.

கையில் அடிபட்ட வருஷம் தை மாதம், களத்தில் வேலை பார்க்கும் அஞ்சலைக்கு, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் வாளியின் தகரம் பட்டு உள்ளங்கை கிழிந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கையுறை வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர் "என்ன வேலைக்குங்க?" என்று கேட்டார். "மில் வேலைக்கு" என்றேன். வெள்ளை நூலில் பின்னிய கையுறைக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். எல்லாம் ஒரே அளவு. இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். கத்திரிக்காய் வாங்கினால்கூட நாலைத் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பேன்.

மில்லுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். எந்த வேலையானாலும் கையுறை இல்லாமல் நிற்கக்கூடாது. பாய்லர் பார்க்கும் காதர் பாய் மட்டும் போட மறுத்தார். அவர் என் வயதுக்காரர், துபாயில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"மாப்ள, தகரத்துக்கிட்ட போடு, மூட்டை தூக்கப் போடு. சுத்துற மிஷின்கிட்ட மட்டும் இது வேணாம். எங்க கம்பெனில பெல்ட்டுகிட்ட கையுறையோட போனா அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க."

"அது துபாய் பாய். இது மன்னார்குடி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் என் பேச்சு பிடித்திருந்தது.

ஆனால் கையுறை போட்டுக்கொண்டு அரிசியைத் தொட்டால் பஞ்சு மூட்டையைத் தொடுகிற மாதிரி இருந்தது. டிரைவர் விரலுக்கு அரிசி தெரியாவிட்டால் அப்புறம் என்ன டிரைவர்? அன்று சாயங்காலமே வீட்டில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியையும் கத்தரித்தேன். என் மனைவி மலர்க்கொடி தையல்காரி. கத்தரிக்கோலும் அவளுடையதுதான்.

"ஏங்க, பின்னல் துணிய இப்படி வெட்டுனா நூல் பிரிஞ்சுக்கிட்டே வரும். குடுங்க, ஓரம் மடிச்சு அடிச்சுத் தர்றேன்."

"கையுறைக்கு ஓரம் அடிக்கிறதா? இது என்ன கல்யாண ரவிக்கையா?"

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். இரண்டையும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டேன். மறுநாள் என் கையுறையைப் பார்த்து மில்லில் நாலைந்து பேர் தங்கள் கையுறை நுனியையும் வெட்டிக்கொண்டார்கள். ஃபாஷன் ஆகிவிட்டது.

பத்து நாள் போயிருக்கும். நூல் தினம் கொஞ்சமாகப் பிரிந்து, ஆள்காட்டி விரலில் ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் வழக்கம்போல் குழாயில் விரலை நீட்டினேன். குழாய்க்குக் கீழேயே, தவிடு நீக்கும் பாலிஷரின் புல்லிச் சக்கரம் பெல்ட்டோடு ஓடுகிறது. அதை மூடும் கம்பிவலையை முதல் நாள் பெல்ட் மாற்றும்போது கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தது நான்தான். சாயங்காலம் மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன். தொங்கிய நூல் பெல்ட்டில் பட்டது. பெல்ட் நூலை இழுத்தது, நூல் கையுறையை இழுத்தது, கையுறைக்குள் நான் இருந்தேன். வெறுங்கையாக இருந்தால் சிராய்ப்போடு தப்பியிருப்பேன். என்னைக் காப்பாற்ற வாங்கியதே என்னைப் பிடித்துக் கொடுத்தது.

வலி உடனே வரவில்லை. பெல்ட் கத்தியது ஞாபகம் இருக்கிறது. காதர் பாய் ஓடிவந்து சுவிட்சை இறக்கி, மணிக்கட்டிலிருந்து கையுறையைக் கத்தியால் அறுத்து என்னைப் பிரித்தார். ஒருவர் காப்பித்தூளோடு ஓடிவந்தார், இன்னொருவர் சுண்ணாம்போடு. "ஒண்ணும் வெக்காதீங்க! சுத்தமான துணி மட்டும் குடுங்க!" என்று பாய் கத்தினார். முதலாளியின் அலமாரியில் இருந்த புது வேட்டியைக் கையில் சுற்றி, காரில் ஏற்றித் தஞ்சாவூருக்கு விட்டார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த கேட் திறந்திருந்து நான் பார்த்ததே அபூர்வம்.

"கையத் தூக்கியே புடி மாப்ள, நெஞ்சுக்கு மேல."

"விரல் இருக்கா பாய்?"

"இருக்கு, இருக்கு. எண்ணிட்டேன். அஞ்சு."

அவர் வேட்டிக்குள் பார்க்கவே இல்லை என்பதைப் பல மாதம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுவும்போது டாக்டரம்மா இடுக்கியால் எதையோ ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டீல் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளை வெள்ளையாக நூல்.

"இது என்ன நூலு?"

"கையுறைங்க."

"எதுக்குப் போட்டீங்க?"

"பாதுகாப்புக்குங்க."

அவர் தட்டில் இன்னொரு நூலை வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

எக்ஸ்ரே எடுத்து முடித்து, பேசுவதற்கு மலர்க்கொடியைக் கூப்பிட்டார்கள். தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். நடுவிரலில் எலும்பு முறிந்திருக்கிறது, கம்பி போட்டால் சேர்ந்துவிடும். புறங்கையில் தோல் இல்லை, அதற்கும் வழி இருக்கிறது. ஆள்காட்டி விரல்தான் சிக்கல். ரத்த ஓட்டம் குறைவாக இருக்கிறது. விரலின் இரண்டு பக்கமும் நுனிக்கு உணர்ச்சி கொண்டுபோகிற நரம்புகள் உள்ளங்கை ஓரத்திலேயே அறுந்துவிட்டன.

"தெச்சு வெக்கலாம். ஆனா மரத்துப்போன விரலா நிக்கலாம், இல்ல நாலு நாள்ல கறுத்துப்போயி மறுபடி எடுக்க வேண்டி வரலாம். இப்பவே எடுத்துட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம். என்ன சொல்றீங்க?"

விரலை எடுப்பது என்றால் மில்லிலிருந்து என்னை எடுப்பதுதான். மலர்க்கொடி என் கையைப் பார்க்கவில்லை, டாக்டரைத்தான் பார்த்தாள்.

"அந்த விரலுதாங்க டாக்டர் அவரு. அத வெட்டாதீங்க."

படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். நான் போட முடியாது என்பதே அப்போதுதான் உறைத்தது.

கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கேட்டுக்கொண்டு முழித்திருந்தேன். நரம்பு என்றால் கயிறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்துத்தான் தைக்க வேண்டுமாம், தலைமயிரைவிட மெல்லிய நூலால். அந்த அம்மா பேசாமல் மணிக்கணக்காகத் தைத்தார். எங்கள் வீட்டில் ஒருத்தி ரவிக்கைக் கொக்கி தைப்பதைப் பார்த்திருக்கிறேன், அதே பொறுமை.

அடுத்த நாட்களின் பயம் முழுவதும் ஒரு நகத்தில் இருந்தது. நர்ஸ் வந்து ஆள்காட்டி விரல் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகத்தில் சிவப்பு திரும்பினால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் முகத்தை மலர்க்கொடி பார்ப்பாள், மலர்க்கொடி முகத்தை நான் பார்ப்பேன். நாலாம் நாள் நுனி கறுத்தது. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கறுப்புத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, உயிரோடு, என் விரல் இருந்தது. நர்ஸம்மாவே கைதட்டிவிட்டார்.

புறங்கைத் தோலுக்கு டாக்டரம்மா சொன்ன வழியைக் கேட்டு முதலில் விளையாடுகிறார் என்று நினைத்தேன். அடிவயிற்றில் ஒரு துண்டுத் தோலை மூன்று பக்கம் கிளப்பி, நாலாம் பக்கம் ஒட்டியபடியே விட்டு, அதன் கீழே கையை வைத்துத் தைத்துவிடுவார்கள். மூன்று வாரத்தில் தோல் கையில் வேர் பிடித்ததும் வயிற்றிலிருந்து அறுத்து விடுவார்கள். நாற்று பிடுங்கி நடுவதைவிடப் பெரிய வித்தை. அந்த மூன்று வாரமும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். "எத்தனாவது மாசம்?" என்று வார்டே கேட்டது. சட்டை போட முடியவில்லை என்று மலர்க்கொடி ஒரு பக்கம் முழுக்கத் திறந்து நாடா வைத்துக் கட்டுகிற சட்டை ஒன்று தைத்து வந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தனக்கும் கேட்டார். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் அந்த வார்டில் ஆறு பேர் அவள் தைத்த சட்டையில் இருந்தார்கள்.

அந்த ஆறு பேருக்கும் கையில்தான் அடி. எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் வந்து படுத்தாலும் "அப்ப என்ன கையுறை போட்டிருந்தீங்க?" என்று கேட்பேன். கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைக்காரர், என்னுடையது மாதிரியே நூல் கையுறை போட்டுப் பித்தளைத் தகடு தூக்கியவர். தகடு கையுறையோடு சேர்த்துச் சதையை அறுத்துவிட்டது. வெல்டிங் வைக்கிற ஒருவர் நைலான் கையுறை போட்டிருந்தார். பொறி பட்டு அது உருகிக் கையிலேயே ஒட்டிக்கொண்டது. பேராவூரணிப் பக்கம் தேங்காய் நார் மில்லில் வேலை பார்த்தவருக்குக் கொடுத்தது பெரிய சைஸ் ரப்பர் கையுறை. உள்ளே வேர்த்து வழுக்கி, மட்டையோடு கையும் மிஷினுக்குள் போயிருக்கிறது.

"நல்லா கனமான கையுறைதாங்க" என்று அவர் அதற்காகப் பரிந்து பேசினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் யாருக்குமே கையுறை இல்லாமல் இல்லை. எந்த வேலைக்கு எது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் பிரியாணியோடு வந்தால் அவரிடம் துபாய்க் கம்பெனிக் கதையாகக் கேட்பேன். இடது கையால் கோழி கிறுக்கிய மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வயிற்றிலிருந்து கையைப் பிரித்த பிறகு ஒரு நாள் முதலாளியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பெரியாஸ்பத்திரியில் செலவு அதிகமில்லை, வெளியில் வாங்கிய மருந்தை அவர் பார்த்துக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பழத்தை உரித்தார்.

"செல்வராசு, ஒனக்கு வேலை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா விரல் பேசலன்னா டிரைவர் வேலை முடியாதுப்பா. கேட்டுல ஒக்காந்து நெல்லு வண்டிக்கு டோக்கன் குடு. சம்பளம் தர்றேன்."

நல்ல மனுஷன்தான். அவர் போன பிறகு அந்தச் சுளைகளைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அன்று டீ வந்தது. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு யோசனையில் இருந்தேன். மலர்க்கொடி கத்தினாள். விரல் நுனியில் கொப்புளம் எழுந்திருந்தது, எனக்குத் தெரியவே இல்லை.

டாக்டரம்மாவிடம் போய், இது இனிமேல் மரக்கட்டைதானா என்று கேட்டேன். அறுந்த நரம்பைத் தைத்தால் உடனே உயிர் வராது என்றார். உறை மட்டும்தான் ஒட்டும். உள்ளே இருக்கும் இழை தைத்த இடத்திலிருந்து மறுபடி நுனிவரைக்கும் வளர்ந்து போக வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரி. நான் கணக்குப் போட்டேன். ஒரு நெல் நீளம் போக ஒரு வாரம் ஆகும். உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்குப் பத்துப் பன்னிரண்டு நெல். நெல் கணக்கில் சொன்னால் எனக்குப் பொறுமை வரும். நூறு நாள் பயிருக்குக் காத்திருந்த குடும்பம்தானே.

வீட்டுக்கு வந்ததும் மலர்க்கொடி காலி ஊறுகாய் பாட்டிலில் நெல்லும் அரிசியும் நொய்யும் கலந்து போட்டாள். காலையும் மாலையும் என் கண்ணைத் துணியால் கட்டி, ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்து அழுத்தி, "இது என்னங்க?" என்பாள். வைத்தாளா இல்லையா என்றே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "நெல்லு." "இன்னும் நான் வெக்கவே இல்ல" என்பாள். ஒரு நாள் கோபத்தில் பாட்டிலைத் தட்டிவிட்டேன். அவள் முறத்தில் கூட்டி அள்ளி, புடைத்து, மறுபடி பாட்டிலில் போட்டு, "இது என்னங்க?" என்றாள்.

வளர்கிற நரம்பின் முனையைத் தட்டினால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஜிவ்வென்று இழுக்கும் என்று டாக்டரம்மா காட்டிக் கொடுத்திருந்தார். மலர்க்கொடி வாராவாரம் தட்டிப் பார்த்து, இழுக்கிற இடத்தில் தையல் சாக்கட்டியால் கோடு போடுவாள். கோடு நகர்ந்தது, நான் போட்ட நெல் கணக்கைவிட மெதுவாகத்தான். உள்ளங்கை ஓரத்தில் இருந்தது முதல் கணுவைத் தாண்டியது. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நட்டபோது இரண்டாம் கணுவைத் தாண்டியது. பயிர் பச்சை பிடித்து நின்ற ஒரு காலை, காப்பி டம்ளரைப் பிடித்தவன் "சுடுது!" என்று கீழே போட்டேன்.

"சுடுதா?"

"சுடுது மலரு!"

சிந்திய காப்பியை மிதித்துக்கொண்டே இரண்டு பேரும் குதித்தோம். அவள் இன்னொரு டம்ளர் போட்டு வந்து மறுபடி பிடிக்கச் சொன்னாள். அதுவும் சுட்டது. அதற்கப்புறம் முதலில் நெல் தெரிந்தது, அதன் மூக்கு குத்தியது. பிறகு அரிசி. நொய்யும் முழு அரிசியும் மட்டும் ரொம்ப நாள் ஒன்றாகவே இருந்து என்னை அழ வைத்தன.

குறுவை அறுப்பு தொடங்கியது. மில் சுறுசுறுப்பாகும் காலம். முதலாளி ஆள் அனுப்பினார். நான் மிஷின் பக்கம் போவதற்கு முன் கையுறைக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்றேன். ஒவ்வொருவர் கையையும் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்தேன், மலர்க்கொடி உடம்புக்கு அளவு எடுக்கிற மாதிரி. அஞ்சலையின் கை என் கையில் முக்கால்தான் இருந்தது. அந்தக் காகிதங்களோடு காதர் பாயும் நானும் தஞ்சாவூர்க் கடையில் போய் நின்றோம்.

"என்ன வேலைக்குங்க?" என்றார் அந்தக் கடைக்காரரும்.

"ஒக்காருங்க, சொல்றோம்" என்றார் பாய்.

அரை நாள் ஆயிற்று. எலிவேட்டர் தகரத்தோடு மல்லுக்கு நிற்பவர்களுக்கு வெட்டுத் தாங்குகிற இழையில் பின்னி உள்ளங்கையில் ரப்பர் பூசியது. வாங்குவதற்கு முன் தகரத் துண்டால் கீறிப் பார்த்தோம். பாய்லருக்கு முழங்கை வரை வருகிற தோல் கையுறை. களத்துப் பெண்களுக்குச் சின்ன அளவு. ஓடுகிற பெல்ட்டுக்கும் புல்லிக்கும் எதுவும் வாங்கவில்லை. அங்கே கம்பிவலைக்குப் பூட்டுப் போட்டோம். அதைத் தாண்டி கை போக வேண்டுமென்றால் முதலில் மிஷின் நிற்க வேண்டும், அப்புறம்தான் கை, அதுவும் வெறுங்கை. நுனி வெட்டிய பழைய கையுறைகளை அஞ்சலை பாய்லர் அடுப்பில் போட்டாள். "நல்லா எரியுது" என்றாள்.

அப்புறம்தான் எனக்குப் பரீட்சை. மில் முழுக்கக் கூடிவிட்டது. எனக்குப் பதிலாக ஓட்டிக்கொண்டிருந்த டிரைவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரிசி வழிந்துகொண்டிருந்தது.

"விரல வையி பாப்போம்" என்றார் முதலாளி.

பழைய பழக்கத்தில் கை தானாக முன்னால் போனது. அதை நானே பிடித்து நிறுத்தினேன்.

"மொதல்ல நிறுத்துங்க மொதலாளி."

சுவிட்சை இறக்கினார்கள். புல்லி உடனே நிற்காது. அது சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தோம். மில்லில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. பாய் வலையின் பூட்டைத் திறந்தார். குழாயில் தங்கியிருந்த அரிசியை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது ஒரு பக்கம் மழுங்கலாக, ஒரு பக்கம் சுருக்கென்று கூராக இருந்தது. ஐந்தாவதும் அப்படியே. இன்னொரு தடவை அள்ளி உருட்டினேன், பொய் சொல்லிவிடக் கூடாதே.

"நொய் விழுது. ரோலர் இறுக்கம். அரைச் சுத்து தளத்தணும்."

முதலாளி தட்டில் ஒரு பிடியைக் கொட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய் ஆள்காட்டி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அந்த டிரைவரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எந்த விரல்யா சொல்லுச்சு?"

நிமிர்த்திக் காட்டினேன்.

"வெட்டிறலாமான்னு கேட்டாங்களே மொதலாளி, அந்த விரலுங்க."